விமான நிலையத்துக்கு வெளியே மூன்று நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே காலுக்கு நாகர்கோவில் மீனாட்சிபுரம் நிலையத்தில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறினோம். நானும் என் தம்பி மணியும். அறுபத்தெட்டு கிலோமீட்டர், ஆளுக்கு ஏழு ரூபாய் டிக்கெட். மணி வயரிங் வேலை தெரிந்தவன். ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அன்று பிற்பகல் இரண்டரைக்கு விமானம். அவனை ஏற்றிவிட்டு மாலை ஆறுக்குள் கோட்டாருக்குத் திரும்பி, என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மாலை வகுப்பை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மாலைதான் திரும்பினேன். அதுவும் நேராக வீட்டுக்கு அல்ல. நடந்ததை எழுதுவதற்குக் காரணம் கோபம்தான். ஆற அமர எழுதினால் நன்றாக வரும் என்று சொன்னார்கள். ஆறவில்லை.

தம்பானூரில் இறங்கும்போது ஏழே முக்கால். அங்கிருந்து விமான நிலையம் ஏழு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் பத்து ரூபாய் கேட்டார், எட்டுக்கு ஒப்புக்கொண்டார். கிழக்கேகோட்டை தாண்டி, ஈஞ்சக்கல் தாண்டி, வள்ளக்கடவில் கால்வாயைக் கடந்ததும் கடல்காற்று முகத்தில் அடித்தது. "கல்ஃபோ?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். மணி தலையாட்டினான். "அப்போ ஏஜென்சி வாசல்ல நிறுத்தாம்" என்றார். எந்த ஏஜென்சி என்று கேட்கவே இல்லை. எல்லாம் ஒரே தெருவில் இருந்தன.

பத்து வருடத்துக்கு முன்பு என் மாணவிகளோடு ஒரு சுற்றுலாவில் இதே பக்கம் வந்திருக்கிறேன். சங்குமுகம் கடற்கரை, தென்னை, வலை உலர்த்தும் மணல், நடுவில் ஓர் ஓட்டுக் கட்டடமும் காற்றின் திசை காட்டும் துணிப்பையும். அவ்வளவுதான் ஏரோடிரோம். இன்று அதன் வாசலில் ஒரு ஊரே முளைத்திருக்கிறது. மாடியெல்லாம் டிராவல் ஆபீஸ். கீழே போட்டோ ஸ்டுடியோ, "பாஸ்போர்ட் அளவு அரை மணி நேரத்தில், எட்டுப் பிரதி பன்னிரண்டு ரூபாய்". அடுத்து ரத்தப் பரிசோதனை நிலையம். அடுத்து பயணப் பெட்டிக் கடை. அங்கேயே கயிறு கட்டி, சாக்குத் தைத்து, பெட்டியின் மேல் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதித் தருகிறார்கள், எழுத்துக்குப் பத்து பைசா. டிரங்க் கால் பேச ஒரு கூண்டு. முடிவெட்டும் கடை, பிரியாணிக் கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, சென்ட் கடை, வருகிறவர்களுக்கு மாலை கட்டும் கடை, போகிறவர்களுக்கு அரபியில் விண்ணப்பம் எழுதித் தருகிறவர், இரண்டு லாட்ஜ். கோட்டாரில் நூறு வருடமாக வளர்ந்த கடைத்தெருவில் இல்லாத வசதியெல்லாம் இந்த முந்நூறு கஜத்தில் உண்டு. இல்லாதவை இரண்டு: நிழலில் உட்கார ஒரு பெஞ்சு, பெண்கள் போக ஒரு கழிப்பறை. அவற்றை யாரும் விற்க முடியாது போலிருக்கிறது.

எங்கள் ஏஜென்சியின் பெயரை எழுத எனக்கு ஆசைதான். பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள். எனவே ஏஜென்சி என்றே சொல்கிறேன்.

ஒன்பதரைக்குத் திறந்தார்கள். மேனேஜர் சசி முப்பது வயதுக்காரர், வெளுத்த வேட்டி, தங்க நிற வாட்ச். எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்க்காமலே சொன்னார்:

"சேச்சி, இன்னிக்கு ஃபிளைட் கேன்சல் ஆயி. மெஷின் கோளாறு. வியாழாழ்ச்ச உறப்பா போகாம்."

"வியாழக்கிழமையா? இவனுக்கு விசா வெள்ளிக்கிழமையோட முடியுதே" என்றேன்.

"அதான் வியாழாழ்ச்ச போறாரே. ஒரு கொழப்பமும் இல்ல. நம்ம லாட்ஜ்ல ரூம் உண்டு, முப்பத்தஞ்சு ரூபாய்."

நம்ம லாட்ஜ் என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை.

லாட்ஜில் அதே ஏஜென்சிக்காகக் காத்திருந்தவர்கள் பத்துப் பேர். எல்லாரும் தென்மாவட்டத்து ஆட்கள். அவர்களில் ஒருவர் தாசையன், குழித்துறைப் பக்கத்துக் கொத்தனார், நாற்பது வயது. மணி போகிற அதே கம்பெனிக்குத்தான் அவரும் போகவேண்டும். அவர் விசாவும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமையே வந்துவிட்டாராம்.

"வாறதுக்கு முந்தின ஞாயிறு பூசையில எனக்காக ஜெபம் பண்ணியாச்சு டீச்சரே. எங்க பங்குக் கோயில் ஆட்கள்ல பாதிப்பேரு வீட்டுக்கு வந்து கைகுடுத்துட்டுப் போனாவ" என்றார். கையிலிருந்த பள்ளிக்கூடக் கட்டட வேலையை மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டு ஐம்பதுக்கு ஒரு இரைச்சல். எல்லாரும் மொட்டை மாடிக்கு ஓடினோம். விமானம் ஓடுபாதையின் கோடியில் திரும்பி, எங்கள் கண் முன்னால் ஓடி, கடலுக்கு மேலே ஏறிப் போனது. அதன் வாலில் இருந்த படமும் மணியின் டிக்கெட் மேல் இருந்த படமும் ஒன்று.

"டீச்சரே, அது நம்ம பிளேன்தானே?" என்றார் தாசையன்.

மணியின் காது சிவந்திருந்தது.

நான் படியிறங்கி நேரே ஏஜென்சிக்குப் போனேன். சசி சிரித்தார். "அது வேற ஃபிளைட், சேச்சி."

"வாலுல அதே படம் இருக்குதே."

"படம் எல்லாத்துலயும் உண்டு. நிங்க சமாதானமாயிட்டு இருங்க."

அதற்குள் என் பின்னால் இரண்டு பேர் வந்து நிற்க, அவர் அவர்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார். சத்தம் போட்டிருக்க வேண்டும். வியாழக்கிழமை சீட்டைக் கெடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் ஆபீஸ் நடத்துகிறார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணி. லாட்ஜ் பையன்கள் கதவைத் தட்டி, எல்லாரும் ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும் என்றார்கள். ஊரில் எடுத்த பரிசோதனைக்கு நாள் கடந்துவிட்டதாம். ஆளுக்கு அறுபது ரூபாய். மணிக்கு எடுத்தது இருபது நாள்கூட ஆகவில்லை. கேட்டால், "ஏஜென்சி சொல்லிச்சு" என்றார் ஊசி போடுகிறவர்.

ரசீதை வாங்கிப் பையில் வைக்கப்போனேன். பையில் லாட்ஜ் ரசீதும், முந்தின நாள் பிரியாணிக் கடை பில்லும் இருந்தன. பதினெட்டு வருடமாக மற்றவர்கள் அடித்ததில் பிழை பார்க்கிறவளுக்குக் கண் சும்மா இருக்காது. மூன்றிலும் கீழே அச்சிட்டிருந்த தொலைபேசி எண் ஒன்றே. ஏஜென்சியின் உறையை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே எண்.

எதிரே டீக்கடை வைத்திருப்பவர் பேச்சிமுத்து அண்ணாச்சி, தென்காசிப் பக்கம். வந்து எட்டு வருடம் ஆகிறதாம். டீ நாற்பது பைசா. ரசீதுகளை அவரிடம் காட்டினேன்.

"இது இப்பத்தான் தெரியுதாக்கா?" என்றார். "ஏஜென்சி, லாட்ஜ், ரத்தம் எடுக்கிற எடம், பிரியாணி எல்லாம் ஒரே மொதலாளி. பெட்டிக் கடையிலயும் பங்கு உண்டும்பாங்க."

"பொறவு ஏன் ஆட்களைப் பிடிச்சு வச்சிருக்காங்க? அனுப்பிட்டா அவங்களுக்குப் பணம்தானே அண்ணாச்சி?"

அவர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிளேன் ஏறிட்டா ஒருத்தன் டீ குடிப்பானா, சோறு திம்பானா? நேரத்துக்கு எல்லாம் போயிட்டா இந்த ரோட்டுல எவனுக்கு வியாவாரம்? எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்குக் காசும் வாங்கவில்லை. நான் வைத்துவிட்டு வந்தேன். அந்தத் தெருவில் எனக்கு இலவசமாக எதுவும் வேண்டாம் என்று தோன்றியது.

பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி ஏஜென்சி. சசி சாப்பிடப் போயிருந்தார். உள்ளே டைப்பிஸ்ட் பெண் மட்டும் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், லலிதா என்று பெயர், ஸ்ரீவராகத்தில் வீடு. அவள் அடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். நல்ல கை. ஆனால் 'e' விழும்போதெல்லாம் ஒரு இடறல்.

"அந்த எழுத்துக்குக் கீழ பிசின் மாதிரி அழுக்கு இருக்கும். ஊசியால எடுத்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க" என்றேன்.

நிமிர்ந்தாள். "நீங்க டைப் சொல்லிக் குடுக்கறேளா?"

"கோட்டாருல இன்ஸ்டிடியூட் வச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நான் கேட்டேன்: "நேத்து பிளேன் கேன்சல் ஆகல, இல்லையாம்மா?"

"நேக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். அவா குடுக்கற பேரை அடிக்கறேன். அவ்வளவுதான்."

"என் தம்பி பேரு சுப்பிரமணியம். அடிச்சியா?"

அவள் காகிதத்தைச் சுருட்டி ஏற்றினாள், இறக்கினாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஒரு கார்பன் தாளை எடுத்து மேஜை விளிம்பில் வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

கார்பனைப் பற்றி வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. புதுத் தாளில் ஒரே ஒருமுறை அடித்திருந்தால், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பிப் பிடித்தேன். செவ்வாய்க்கிழமைப் பயணிகள் பட்டியல். பதினான்கு பெயர்கள். ஒன்பதாவது மணியின் பெயர், பத்தாவது தாசையன். இரண்டின் மேலும் வரிசையாக x அடித்து, மேலே வேறு இரண்டு பெயர்கள் அடித்திருந்தன.

லலிதா திரும்பி வந்து என் கையிலிருந்து தாளை வாங்கி, கசக்கி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"லீவுல வந்து திரும்பிப் போறவா அவசரம்னு கூடப் பணம் குடுப்பா. அவாளுக்கு இந்த சீட்டு" என்றாள், வாய்க்குள்ளேயே. "நாளைக்கு லிஸ்டும் அடிச்சாச்சு. அதுலயும் இவா ரெண்டு பேரும் இல்லே. நான் சொன்னேன்னு சொல்லிடாதேங்கோ. ஆத்துல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன்."

சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வியாழக்கிழமை எட்டரை மணி. விமான நிலையத்துக்குள் போக இரண்டு ரூபாய் நுழைவுச் சீட்டு. கவுண்டரில் இருந்த அதிகாரி மரியாதையானவர். என் தம்பி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, இந்த இருக்கைகள் மொத்தமாக ஏஜென்சியிடம் உள்ளவை, யார் யார் என்று பட்டியல் தருவது அவர்கள்தான், பதினோரு மணி வரை பெயரை மாற்றலாம் என்றார். "நீங்கள் அவர்களைத்தான் கேட்கணும் அம்மா." இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே நான் வந்து கேட்டிருக்கலாம். நானூறு கஜ தூரத்தில் இருந்தது. அந்தத் தெரு என்னை அவ்வளவு தூரம் நடக்கவிடவில்லை.

பத்து மணிக்கு, லாட்ஜில் காத்திருந்த எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஏஜென்சியில் போய் நின்றேன். பதினோரு பேர். லலிதா மெஷினிலிருந்து தலை நிமிரவில்லை. நானும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"கவுண்டருல கேட்டுட்டு வாறேன்" என்றேன், தெருவுக்குக் கேட்கும்படி. "செவ்வாய்க்கிழமை பிளேன் போயிருக்கு. எங்க ஆளுங்க சீட்டுல வேற ஆளுங்க போயிருக்காங்க. இன்னிக்கும் இவங்க பேரு இல்ல. இல்லைன்னு சொல்லுங்க, நாம எல்லாருமா சேர்ந்து போலீஸ் ஸ்டேஷன் போவோம். இந்த மூணு ரசீதும் உங்க உறையும் என் கையில இருக்கு."

முதன்முறையாக சசியின் முகம் மாறியது. "சேச்சி மட்டும் உள்ள வரணும்" என்றார்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓர் அறை, குளிர்சாதனம், மேஜைமேல் மூன்று தொலைபேசி. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"ஒரு சீட்டு உண்டு" என்றார். "ஒண்ணே உள்ளு. சத்தியம்."

"ரெண்டு வேணும். ரெண்டு பேருக்கும் நாளையோட விசா முடியுது."

"ரெண்டு இல்ல. கூடக் கேட்டா அந்த ஒண்ணும் போயிடும். மணி பத்தே இருபது. ஆருக்குன்னு நிங்களே சொல்லுங்க. நான் அடிக்கச் சொல்றேன்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கதவுக் கண்ணாடி வழியே வெளியே தெரிந்தது. மணியும் தாசையனும் ஒன்றாக நின்றுகொண்டிருந்தார்கள். மணியின் பெட்டி கனம் என்று தாசையன்தான் அதையும் தூக்கி வைத்திருந்தார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யாருக்கும் வேண்டாம், எல்லாரும் போலீஸுக்குப் போகிறோம் என்றா? இன்றைக்கும் தெரியவில்லை. யோசித்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது.

"சுப்பிரமணியம்" என்றேன்.

எழுதிக்கொண்டு மணியடித்தார். லலிதா வந்து தாளை வாங்கிக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்து, ஒன்றுதான் கிடைத்தது, மணிக்கு என்று சொன்னேன். மணிக்கு முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"தாசையண்ணனுக்கு?"

"நீ கெளம்புல, நேரமாச்சு."

"அக்கா, அவருதான் எனக்கு முன்ன வந்தவரு."

தாசையன்தான் பெட்டியை அவன் கையில் திணித்தார். "போ மக்கா. ஒருத்தனாவது போயி சேரு. எனக்கு அடுத்தது பாப்பம்." அடுத்தது இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும். சனிக்கிழமைதான் அடுத்த விமானம்.

இரண்டே முக்காலுக்கு விமானம் ஏறியது. ஏற்கெனவே கல்ஃப் போன ஒருவன், பார்வையாளர் மாடியில் நின்று கை காட்டும் குடும்பங்களைப் பற்றி உருக்கமாக எழுதியிருந்த கடிதம் ஒன்று படித்திருக்கிறேன். நான் கை காட்டவில்லை. அந்த மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் தாசையன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஏஜென்சியில் அவருக்குக் கிடைத்த பதில்: விசாவைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், நான்கைந்து மாதம் ஆகும், அதுவரை ஊருக்குப் போய் இரு. மற்ற ஒன்பது பேரும் லாட்ஜுக்கே திரும்பிவிட்டார்கள். போலீஸுக்குப் போகலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அவர்கள் விசாவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் தம்பி போய்விட்டான் என்பதால் என் குரலும் முன்போல் எழும்பவில்லை. அதை அவர்களும் கவனித்திருப்பார்கள்.

நான்கே காலுக்குத் தம்பானூரில் நாகர்கோவில் பேருந்து. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை. களியக்காவிளையில் சோதனைச் சாவடி தாண்டியதும் தாசையன் என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "டீச்சரே, எனக்க கூட ஒண்ணு எறங்குவியளா? நான் சொன்னா வீட்டுல நம்பமாட்டாவ. பயந்து திரும்பி வந்துட்டான்னு பங்குல சொல்லுவாவ. நீங்க படிச்ச ஆளு."

குழித்துறையில் அவரோடு இறங்கினேன். ஆற்றுப் பாலத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு. அவர் மனைவி ரோசம்மாள் முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவரைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பொய், பட்டியலில் x அடித்த பெயர், மூன்று ரசீது, ஓர் உறை, ஒரே தொலைபேசி எண். தாசையன் தலையாட்டிக்கொண்டே நின்றார். இதோடு நிறுத்தியிருந்தால் அவர் மானம் தப்பியிருக்கும், என் மானமும் தப்பியிருக்கும். நிறுத்த முடியவில்லை. "இன்னிக்கு ஒரு சீட்டு குடுத்தாங்க. யாருக்குன்னு என்னத்தான் கேட்டாங்க. நான் எந்தம்பி பேரைச் சொன்னேன்" என்றேன்.

தாசையன் என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியும் டீச்சரே. கண்ணாடிக்கு வெளியேதானே நின்னேன். கேட்டா நீங்க சொல்லவேண்டியிருக்குமேன்னுதான் கேக்கல."

ரோசம்மாள் கத்தியை மறுபடி எடுத்தாள். ஒரு கிழங்கை முழுதாக நறுக்கி முடித்தாள்.

"உண்மையச் சொன்னது நல்லதுதான்" என்றாள். "அதுக்காக இங்க ஒங்களுக்குக் காப்பி போடமுடியாது. ஆறே முக்காலுக்கு ஒரு வண்டி உண்டு. போங்க."

போனேன்.

அடுத்த நாளே புகார் ஒன்றை ஆறு பிரதி தட்டச்சுச் செய்து, எங்கெங்கு அனுப்பலாமோ அங்கெல்லாம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட அட்டைகள் வந்தன. வேறு எதுவும் வரவில்லை. தாசையன் இப்போது தன் மைத்துனருக்குக் கீழே, தான் தொடங்கிய அதே பள்ளிக்கூடக் கட்டடத்தில் தினக்கூலிக்கு நிற்கிறார் என்று குழித்துறையிலிருந்து வரும் ஒரு மாணவி சொன்னாள்.

கோட்டாரிலும் சந்தையைச் சுற்றித்தான் கடைகள் வந்தன. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஹோட்டல்கள் வந்தன. ஊர் அப்படித்தான் வளரும், அதில் தப்பில்லை. ஆனால் பேருந்தை நிறுத்திவைத்து எங்கள் ஊரில் யாரும் இட்லி விற்றதில்லை. வள்ளக்கடவுக்கு அப்பால் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: ஏஜென்சி வாசலில் ஆட்டோவை நிறுத்தவிடாதீர்கள். இன்னும் நானூறு கஜம் ஓட்டச் சொல்லி, கவுண்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

மணி நன்றாக இருக்கிறான். மாதம் ஒரு கடிதம் வருகிறது. ஒவ்வொன்றிலும் தாசையண்ணனைப் பற்றி விசாரிக்கிறான். நான் பதிலில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். அந்தத் தெருவில் எல்லாரும் எதையாவது விற்றார்கள், சோறு, படுக்கை, ரத்தம் எடுக்கும் ஊசி. சசி ஓர் இருக்கையை என் கையில் வைத்து யாருக்கு என்று கேட்டு, பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்து, அரை நிமிடத்தில் என்னையும் அங்கே ஒரு கடைக்காரியாக்கிவிட்டான். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அதை விடமாட்டேன்.